நல்லா இருக்கிற நாள்ல எங்க நிறுத்துறது?

தூறல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போய்க்கிட்டிருந்தேன், எழுதுறது இதுதான் முதல் தடவை.

ஒரு வைரஸ் காய்ச்சல் வந்துச்சு. காய்ச்சல் போயிடுச்சு, அசதி போகல. வருஷம் தாண்டியாச்சு. ரத்தம், தைராய்டு, பி12, எக்கோ எல்லாம் பார்த்தாச்சு, எல்லாமே நார்மல். டாக்டர் நல்லவர்தான், பொறுமையா கேட்டார். கடைசியில "அளவா பண்ணுங்க, உடம்பை வருத்திக்காதீங்க"ன்னு சொல்லி அனுப்பினார். அளவுன்னா எவ்வளவுன்னு அவரும் சொல்லல, எனக்கும் கேட்கத் தோணல.

மோசமான நாள்ல குழப்பமே இல்லை. எழுந்திருக்கவே முடியாது, முடிவு தானா ஆயிடும். நல்ல நாள்தான் சிக்கல். எழும்போதே தலை தெளிவா இருக்கும். தேங்கிக் கிடக்கிற வேலை எல்லாம் ஒண்ணொண்ணா கண்ணுல படும். அலமாரி ஒழிப்பேன், பாக்கி வச்ச போன் எல்லாம் பேசுவேன், வெளிய ஒரு நடை போயிட்டு வருவேன். அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. மறுநாளும் ஓரளவு ஓடும். அதுக்கு அடுத்த நாள் தொண்டை வலி, கை கால் ஈயம் மாதிரி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாது.

போதும்னு உடம்பு அந்த நேரத்துல சொல்றதே இல்லையே. அப்ப எதை வச்சு நிறுத்துறது?

---

மணல்வீடு எழுதியது:

வாங்க தூறல். நீங்க சொல்றதுல முக்கியமானது அந்த ஒரு நாள் இடைவெளி. பண்ணின அன்னிக்குத் தெரியாம 12 மணி நேரத்துல இருந்து ரெண்டு நாள் கழிச்சு வந்து அடிக்குது பாருங்க, அதுக்குப் பேரு பி.இ.எம்., அதாவது உழைப்புக்கு அப்புறம் வர்ற உடல் சரிவு. சாதாரணக் களைப்பு வேலை முடிஞ்சதும் வரும், தூங்கினா போயிடும். இது லேட்டா வரும், தூங்கினாலும் போகாது, சில சமயம் வாரக் கணக்குல இருக்கும். எம்.இ./சி.எஃப்.எஸ்-னு சொல்ற நாள்பட்ட களைப்பு நோயோட அடிப்படை அறிகுறியே இதுதான். நீண்டகாலக் கோவிட்ல நிறைய பேருக்கும் இருக்கு. அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது "அசதியா இருக்கு"ன்னு சொல்லாதீங்க. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. "செவ்வாய்க்கிழமை பண்ணின வேலைக்கு வியாழக்கிழமை படுக்குறேன்"னு சொல்லுங்க.

உங்க கேள்விக்கு வர்றேன். அந்த நேரத்து உணர்வை வச்சு நிறுத்த முடியாது. அது காட்டாது. முன்னாடியே ஒரு அளவு போட்டு வச்சுக்கிட்டு அதுல நிறுத்தணும், நல்லா இருந்தாலும் சரி.

அந்த அளவை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு நோட்டு வையுங்க. ஒரு பக்கம் என்ன பண்ணினேன், இன்னொரு பக்கம் அன்னிக்கு உடம்பு எப்படி. எதிரெதிர் வரியைப் பார்க்காதீங்க, ரெண்டு வரி தள்ளிப் பாருங்க. ரெண்டு மூணு வாரத்துல புரிய ஆரம்பிக்கும். சுமாரான நாள்லயும் பின்விளைவு இல்லாம எவ்வளவு முடியுதோ அதுதான் உங்க அடிப்படை அளவு. நல்ல நாளோட அளவு இல்லை. அதுல இருந்தும் கொஞ்சம் குறைச்சுக்கிட்டு, அதையே நல்ல நாள்லயும் பண்ணுங்க. ஆரம்பத்துல எரிச்சலா இருக்கும். "இவ்வளவுதானா நான்"னு தோணும். தோணட்டும்.

நோட்டுல உடம்பு வேலையை மட்டும் எழுதாதீங்க. நின்ன நேரம், பேசின நேரம், கணக்கு வழக்கு பார்த்தது, சண்டை போட்டது, சந்தோஷமா சிரிச்சுப் பேசினது, எல்லாம் செலவுதான்.

---

கடைசிபெஞ்ச் எழுதியது:

மாத்துக் கருத்து சொன்னா கோச்சுக்காதீங்க. எனக்கு பைபாஸ் ஆச்சு. ஆபரேஷன் முடிஞ்சு நானும் இப்படித்தான் பயந்து பயந்து படுத்திருந்தேன். ரீஹாப்ல கொண்டு போய் விட்டாங்க. முதல்ல ஆஸ்பத்திரி வராண்டாவுல நாலு எட்டு, அப்புறம் டிரெட்மில், வாரா வாரம் கூட்டிக்கிட்டே போனாங்க. முடியலைன்னேன், முடியும்னாங்க. முடிஞ்சுது. இன்னிக்கு படி ஏறுறேன், மூட்டை தூக்குறேன்.

ஓட்டாம நிறுத்தி வச்ச வண்டி ஸ்டார்ட் ஆகுமா? உடம்பும் அப்படித்தான். நோட்டு போட்டு ஒவ்வொரு அசைவையும் எழுத ஆரம்பிச்சா மனசும் சேர்ந்து படுத்துக்கும்னு நான் நினைக்கிறேன்.

---

முழங்கால்முனி எழுதியது:

நான் இயன்முறை மருத்துவத்தில் இருக்கிறேன். இந்த இழையில் இரண்டு பேர் சொல்வதும் சரி, ஆனால் இரண்டு வேறு நோய்களைப் பற்றிச் சொல்கிறீர்கள்.

கடைசிபெஞ்ச் சார், உங்களுக்கு நடந்ததுதான் சரியான சிகிச்சை. இதய அறுவை சிகிச்சை, சி.ஓ.பி.டி. என்ற நுரையீரல் நோய், கீமோவுக்குப் பிறகு வரும் களைப்பு, இவற்றுக்கெல்லாம் மேற்பார்வையோடு படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சி பலன் தருகிறது. இங்கே யாரும் அதை மறுக்கவில்லை. படுக்கையிலேயே கிடந்தால் தசை கரையும், நிற்கும்போது ரத்த அழுத்தம் சரியும் என்பதும் உண்மை.

பி.இ.எம். உள்ளவர்களுக்கு அதே பாதையைப் போட்டதுதான் பழைய தவறு. 2007-இல் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு எம்.இ./சி.எஃப்.எஸ்-க்கு படிப்படியான உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தது. 2011-இல் 641 நோயாளிகளை வைத்து நடந்த பேஸ் ஆய்வு லான்செட் இதழில் வந்து, அதுவும் இதையே சொன்னது. நோயாளிகள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆய்வின் நடுவில் அளவுகோல்களை மாற்றினார்கள், நோயாளி வாயால் சொன்ன மதிப்பெண்ணைத்தான் பெரும்பாலும் நம்பினார்கள் என்பது குற்றச்சாட்டு. 2016-இல் தீர்ப்பாயம் சொன்ன பிறகுதான் மூலத் தரவே வெளியே வந்தது. 2021 அக்டோபரில் நைஸ் புதிய வழிகாட்டியில் அந்தப் பயிற்சியை எம்.இ./சி.எஃப்.எஸ்-க்குக் கொடுக்கக் கூடாது என்று மாற்றிவிட்டது. அந்த இடத்தில் இப்போது இருப்பது ஆற்றல் மேலாண்மை, அதாவது மணல்வீடு சொன்ன விஷயம்தான்.

உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கும் தடயங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஆம்ஸ்டர்டாம் குழு ஒன்று 2024 ஜனவரியில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் எழுதியது: நீண்டகாலக் கோவிட் உள்ளவர்களிடம் கடும் பயிற்சிக்கு முன்பும் பின்பும் தொடைத் தசையிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். பயிற்சிக்குப் பிறகு தசைச் சேதம் கூடியிருந்தது, செல்லுக்குள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் குறைந்திருந்தது. வண்டியை ஓட்டாததால் வந்த கோளாறு இல்லை சார், எரிபொருள் போகும் குழாயிலேயே கோளாறு. ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பயனில்லை.

ஆகவே யாருக்காக இருந்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம் செய்தால், மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் எப்படி இருக்கிறீர்கள்?

---

கடைசிபெஞ்ச் எழுதியது:

சரி, ஏத்துக்குறேன். எனக்கு அந்த மறுநாள் சமாச்சாரம் இருந்ததே இல்லை. வலிக்கும், தூங்குவேன், காலையில சரியாயிடும்.

ஆனா ஒண்ணு கேட்குறேன், கிண்டலுக்கு இல்லை. இது உடம்பா, பயமான்னு எப்படிப் பிரிச்சுப் பார்க்குறது? பயந்தவனுக்கும் நெஞ்சு படபடக்கும், கை கால் ஓயும்.

---

மணல்வீடு எழுதியது:

நியாயமான கேள்வி. பயம் வேலைக்கு முன்னாடி வரும். இது பின்னாடி வரும். இன்னொண்ணு, பயம் பிடிக்காத வேலைக்குத்தான் வரும். எனக்கு மோசமா அடிச்சது எல்லாம் நான் ஆசைப்பட்டுப் போன இடங்களுக்கு அப்புறம்தான். பழைய தோழிகளோட ராத்திரி வரைக்கும் பேசிட்டு வந்தேன், ஒரு துளி பயமும் இல்லை. அந்த வாரம் முழுக்கப் போச்சு.

---

முழங்கால்முனி எழுதியது:

சில மையங்களில் இரண்டு நாள் தொடர்ந்து சைக்கிள் பயிற்சி கொடுத்து, மூச்சுக் காற்றை அளந்து பார்ப்பார்கள். நோய் இல்லாதவர், வெறுமனே உடல் தளர்ந்தவர், இருவருக்கும் இரண்டாம் நாள் அளவு ஏறக்குறைய முதல் நாள் அளவாகவே இருக்கும். எம்.இ./சி.எஃப்.எஸ். உள்ளவர்களில் பலருக்கு இரண்டாம் நாள் இறங்கிவிடும். பயத்தால் அந்த எண்ணை இறக்க முடியாது. ஆனால் தூறல், இதை நீங்கள் போய்ச் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. அந்தச் சோதனையே ஒருவரைப் பல நாள் படுக்க வைத்துவிடலாம்.

---

தறிக்காரன் எழுதியது:

நமக்கு முதுகுவலி. வருஷக் கணக்கு. எனக்குச் சொல்லிக் கொடுத்தது டைமர் முறை. வலி வந்ததும் நிறுத்துன்னு இல்லை, மணி அடிச்சதும் நிறுத்து. பதினஞ்சு நிமிஷம் உட்கார்ந்து வேலை, எழுந்திரு, நட, மறுபடி பதினஞ்சு. வலி இல்லாத நாளும் அதே பதினஞ்சு, வலிக்கிற நாளும் அதே பதினஞ்சு. வலி வர்ற வரைக்கும் ஓட்டினா, வலிதான் முதலாளி ஆயிடுது. அது சொல்ற வரைக்கும் வேலை, அது விடுற வரைக்கும் ரெஸ்ட்.

டைமர் அடிக்கும்போது கையில பாதி வேலை நிக்கும், மனசு கேக்காது. "இந்த வரியை முடிச்சுடுறேன்"னு சொல்லும். அதுக்காகவே டைமரை ரூமோட அந்தக் கோடியில வச்சேன். எழுந்து போய்த்தான் அணைக்கணும். எழுந்துட்டோம்னா பாதி ஜெயிச்சாச்சு.

---

முழங்கால்முனி எழுதியது:

நல்ல முறை. வலி மருத்துவத்தில் 1970-களில் இருந்தே இது இருக்கிறது. தூறலுக்கு ஒரு திருத்தம் மட்டும்: "மோசமான நாளும் அதே பதினைந்து" என்பது வலிக்குப் பொருந்தும், பி.இ.எம்-க்குப் பொருந்தாது. உங்களுக்கு மேல் வரம்பு மட்டும்தான். மோசமான நாளில் பதினைந்து ஐந்தாகட்டும், பூஜ்யம் கூட ஆகட்டும்.

---

தூறல் எழுதியது:

இவ்வளவு பதில் எதிர்பார்க்கலை, எல்லாருக்கும் நன்றி. நோட்டு ஆரம்பிச்சுட்டேன். எழுத எழுத ஒண்ணு புரியுது, குளிக்கிற நாளும் குளிக்காத நாளும் வேற வேறயா இருக்கு. குளிக்கிறது ஒரு வேலைன்னு நான் கணக்குலயே வைக்கலை. வாட்ச்ல பார்த்தா தலைக்குக் குளிக்கும்போது துடிப்பு 130 போகுது. நடக்கும்போது கூட அவ்வளவு போகலை. இது சரியா காட்டுதா?

---

மணல்வீடு எழுதியது:

சரியாத்தான் காட்டுது. குளியல்ல எல்லாம் ஒண்ணா சேருது. நிக்கிறீங்க, சுடுதண்ணியில ரத்தக் குழாய் விரியுது, ரத்தம் காலுக்கு இறங்குது, அதுக்கு மேல ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி வச்சுத் தேய்க்கிறீங்க.

உட்கார்ந்து குளிங்க. முழங்கையை முழங்கால்ல ஊன்றிக்கிட்டு, தலையைக் குனிஞ்சு தேய்ச்சா கையைத் தூக்க வேண்டியதில்லை. தண்ணியை வெதுவெதுப்போட நிறுத்துங்க. குளிச்சு முடிச்சதும் நின்னுக்கிட்டுத் துவட்டாதீங்க, பெரிய துண்டைப் போர்த்திக்கிட்டு அப்படியே படுத்துடுங்க, அதுவே ஈரத்தை எடுத்துக்கும். தலைக்குக் குளிக்கிற நாள்ல வேற எந்தப் பெரிய வேலையும் வச்சுக்காதீங்க.

வாட்ச் இருக்கிறதால இன்னொண்ணு: 220-ல வயசைக் கழிச்சு 0.6-ஆல பெருக்குவாங்க. நாற்பது வயசுன்னா 108. அதுக்கு மேல போனா அதிர்ற மாதிரி வாட்ச்ல வச்சுக்கிட்டா, அதிர்ந்ததும் உட்கார்ந்துடலாம். இது குத்துமதிப்புதான். காலையில படுக்கையில இருக்கிற துடிப்போட 15 கூட்டி, அதை வரம்பா வச்சுக்கிறவங்களும் இருக்காங்க, அது இன்னும் கறார்.

---

முழங்கால்முனி எழுதியது:

இரண்டு எச்சரிக்கை. பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது, மாத்திரையே துடிப்பை அடக்கி வைக்கும். இரண்டாவது, தூறல், பத்து நிமிடம் படுத்துவிட்டு எழுந்து நின்று, அடுத்த பத்து நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு ஏறுகிறது என்று பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு பாருங்கள். சாய்ந்துகொள்ளவும் இடம் இருக்கட்டும். பெரியவர்களுக்கு 30-க்கு மேல் ஏறி, ரத்த அழுத்தம் விழாமல் அப்படியே நின்றால், பாட்ஸ், அதாவது எழுந்து நின்றாலே துடிப்பு அளவுக்கு மீறி ஏறும் நிலையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். அதற்குத் தனியாகச் சிகிச்சை உண்டு. நின்றாலே தீர்ந்துபோகும் ஆற்றலை அளவோடு செலவழித்து மட்டும் மீட்க முடியாது.

---

வெயில்நிலா எழுதியது:

எனக்குக் கீமோ முடிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. எனக்கு நடைதான் கைகொடுத்துச்சு, முனி சொன்ன கணக்குல நான் கடைசிபெஞ்ச் பக்கம். ஆனா எனக்கும் அளவு தெரியாத பிரச்சினை இருந்தது, வேற விதமா.

முடி வளர்ந்துடுச்சு, முகம் தெளிஞ்சுடுச்சு. "பார்க்க நல்லாத்தானே இருக்கே"ன்னு எல்லாரும் சொல்ல ஆரம்பிச்சாங்க. அன்னையில இருந்து வீட்டுல பழைய வேலை எல்லாம் ஒண்ணொண்ணா என்கிட்டயே திரும்பி வந்துடுச்சு. யாரும் கேட்டுக் கொடுக்கலை. தானா வந்து உட்கார்ந்துக்குச்சு. சிகிச்சை நடக்கும்போது உதவி பண்ண வந்த ஆளுங்க, அது முடிஞ்சதும் போயிட்டாங்க. அசதி போகலையே.

நான் பண்ணினது, எனக்கு முடியாத வேலையைச் சொல்றதை விட்டுட்டு, யார் எதைப் பண்ணணும்னு சொன்னேன். "எனக்கு முடியலை"ன்னா அனுதாபம் வரும், வேலை நகராது. "சாயங்காலம் துணி மடிக்கிறது இனிமே உன் வேலை"ன்னா ஒரு முணுமுணுப்பு வரும், வேலை நடந்துடும். எனக்கு முணுமுணுப்பு பரவாயில்லை.

---

சைக்கிள்மணி எழுதியது:

நான் நோயாளி இல்லை, வீட்டுக்காரம்மாவுக்கு எம்.இ. படிக்கிறதுக்காக மட்டும் இங்க வர்றவன்.

வெயில்நிலா அக்கா சொன்னது கூட இருக்கிறவங்களுக்குப் பெரிய உதவி. என்ன பண்ணணும்னு சொல்லிட்டா பண்ணிடுவோம். "எப்படி இருக்கு, என்ன வேணும்"னு திரும்பத் திரும்பக் கேட்டா அதுக்குப் பதில் யோசிக்கிறதே அவங்களுக்கு வேலையாப் போயிடுது.

எங்க வீட்டு வழக்கம் ஒண்ணு. விருந்தாளி வந்தா இவ எழுந்து போக மாட்டா. மரியாதையா இருக்காதுன்னு சிரிச்சுக்கிட்டே உட்கார்ந்திருப்பா. அதனால நேரம் பார்க்கிறது என் பொறுப்பு. முன்னாடியே பேசி வச்ச நேரம் வந்ததும் "டாக்டர் படுக்கச் சொன்ன நேரம்"னு நான் எழுந்திருவேன். கெட்ட பேரு எனக்கு. டாக்டர் அப்படி நேரம் குறிச்சுக் கொடுக்கலைன்னு எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

---

கடைசிபெஞ்ச் எழுதியது:

டாக்டர் பேரைச் சொல்லி விருந்தாளியை விரட்டுறது எங்க வீட்டுலயும் அமலுக்கு வருது. நோய் இல்லாமலேயே.

சரி, ரெஸ்ட்டுன்னா எது? எங்க பையன் படுத்துக்கிட்டு போனைத் தடவுறதை ரெஸ்ட்டுங்கிறான்.

---

மணல்வீடு எழுதியது:

ஹாஹா. அவனுக்கு அது ரெஸ்ட்டு, எனக்கு இல்லை. எனக்குத் திரை, பேச்சு, பாட்டு எதுவும் இல்லாம கண்ணை மூடிப் படுத்தாதான் துடிப்பு இறங்கி நிக்குது. போனைப் பார்த்துக்கிட்டுப் படுத்தா இறங்கவே இறங்காது.

தூறலுக்கு இதுல ஒண்ணு சொல்லணும், என்னைக் கேட்டா இந்த இழையிலயே இதுதான் முக்கியம். களைச்சதுக்கு அப்புறம் எடுக்குற ஓய்வைவிட, களைக்கிறதுக்கு முன்னாடி எடுக்குற ஓய்வுக்குத்தான் பலன் அதிகம். நோட்டுல நேரம் போட்டு வையுங்க. நல்லா இருந்தாலும் அந்த நேரத்துக்குப் படுக்கணும். நல்லா இருக்கும்போது படுக்குறதுதான் கஷ்டம், கூச்சமா இருக்கும். நல்ல நாளை அங்கதான் நிறுத்தணும். வேலையோட நடுவுல, சும்மா நிறுத்தணும்.

கூட்டுறது எப்பன்னு அடுத்து கேட்பீங்க. ரெண்டு மூணு வாரம் அடி விழாம ஒரே சீரா போச்சுன்னா, ஒரே ஒரு விஷயத்தைக் கொஞ்சமா கூட்டிப் பாருங்க. நடையையும் கூட்டி, போனையும் கூட்டினா, அடி விழுந்தா எதனாலன்னு தெரியாது. சளி, காய்ச்சல், மாதவிடாய், தூக்கம் கெட்ட ராத்திரி, இது எது வந்தாலும் அளவை இறக்கிடுங்க. கூட்டாமலேயே மாசக் கணக்கா நிக்கிறதும் உண்டு, நான் நின்னிருக்கேன்.

---

நெறியாளர் எழுதியது:

பொதுவான நினைவூட்டல். நெஞ்சுவலி, மயங்கி விழுதல், புதிதாக வரும் மூச்சுத் திணறல், காரணமில்லாமல் எடை இறங்குதல், ஒரு பக்கம் கை கால் பலவீனம், இவை எதையும் அளவு மீறியதால் வந்தது என்று நினைத்துப் படுத்துவிட வேண்டாம். உடனே மருத்துவரைப் பாருங்கள். இங்கே யார் சொல்வதைக் கேட்டும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

---

தூறல் எழுதியது:

உட்கார்ந்து குளிச்சேன். துடிப்பு 105 தாண்டலை. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு சந்தோஷப்படுறோமேன்னு இருந்தது.

கடைசியா ஒரு கேள்வி. ஆபீஸ்ல திரும்பச் சேரச் சொல்றாங்க. அரை நாள் வேலைக்கு ஒத்துக்குறாங்க. தினமும் அரை நாளா, இல்லை ஒரு நாள் விட்டு ஒரு நாள் முழு நாளா, நீங்களே சொல்லுங்கன்னு கேட்குறாங்க. முழு நாள்னா நடுவுல ஒரு நாள் படுத்துக்கலாம்னு தோணுது.

---

மணல்வீடு எழுதியது:

முழு நாள் வேண்டாம். உங்களுக்கு அடி விழுறது ரெண்டாம் நாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள்னா, அடி விழுற அன்னிக்குத்தான் மறுபடி ஆபீஸ்ல இருப்பீங்க.

---

முழங்கால்முனி எழுதியது:

நானும் அதையே சொல்வேன். இன்னொன்று, வேலை நேரத்தை மட்டும் கணக்குப் போடாதீர்கள். கிளம்புவது, பயணம், திரும்பி வருவது எல்லாம் சேர்த்து அரை நாளுக்குள் அடங்க வேண்டும். வீட்டிலிருந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். முதல் மாதம் அரை நாளைவிடக் குறைவாகவே கேட்டு எழுதி வாங்குங்கள். குறைவாகத் தொடங்கிக் கூட்டச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். அதிகமாகத் தொடங்கிவிட்டுக் குறைக்கச் சொல்லிப் போய் நிற்பது கஷ்டம். மருத்துவர் சான்றிதழில் "நடுவில் படுத்து ஓய்வெடுக்க இடம் வேண்டும்" என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் எழுத மாட்டார்கள்.

---

வெயில்நிலா எழுதியது:

சேர்ற அன்னிக்கு எல்லாரும் வந்து நலம் விசாரிப்பாங்க தூறல். வேலையைவிட அதுதான் ஆளை அடிச்சுப் போட்டுடும். முந்தின நாளே குழுவுக்கு ஒரு மெயில் தட்டி விட்டுடுங்க, "தேறிட்டு வர்றேன், மெதுவாத்தான் பேசுவேன், ஒவ்வொருத்தரா அப்புறம் பார்க்குறேன்"னு. நான் அப்படித்தான் பண்ணினேன். ஒருத்தர் மட்டும் வந்து அரை மணி நேரம் அவங்க சித்திக்கு வந்த நோயைப் பத்திச் சொல்லிட்டுப் போனார். மத்தவங்க விட்டுட்டாங்க.